பால் பொங்கியது, அடுப்பு அணைந்தது

எல்லாக் குடும்பத்திலும் எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார். குழம்பில் உப்பு ஏறினாலும், மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும் அவரைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவர் சொல்வார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி என்னுடையது. யாரும் கொடுத்ததில்லை. பாண்டிச்சேரி முதலியார்பேட்டைக்கு மருமகளாக வந்த புதிதில் நானாக எடுத்துக்கொண்டேன், இன்றுவரை விடவில்லை.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர். வரிசையாக கேஸ் அடுப்புகள், ஒவ்வொன்றின் முன்னும் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, பஸ் ஸ்டாப் வரை போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பவள் நான். (வாட்ச்மேன் என்னைப் பார்த்ததுமே சாவியை எடுத்து நீட்டுவார்.) கேஸ் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. இந்தக் கதையில் நடந்த அத்தனை கேவலத்துக்கும் காரணம் அந்தத் திமிர்தான். அது இன்னும் குறையவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் கணவர் ரவி வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் ஃபிட்டர். வீட்டில் உட்கார்ந்து பழகாதவர். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் கூரை போட்ட பழைய படகு ஒன்றை வாங்கி, ராப்பகலாகத் தட்டிக்கொட்டிப் புதுசாக்கி, நோணாங்குப்பம் ஆற்றோரம் கொண்டுவந்து கட்டிவிட்டார். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் போவது, நடு ஆற்றில் சுடச்சுட மீன் குழம்பும் தோசையும் போடுவது, இதுதான் திட்டம். படகுக்கு அன்னபூரணி என்று பெயரும் வைத்தாயிற்று. ஆனால் படகில் அடுப்பு பற்றவைத்துச் சமைக்க ஒரு அதிகாரி வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். அது கிடைக்காவிட்டால் அன்னபூரணி வெறும் படகு. வெறும் படகு அந்த ஆற்றில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எங்கள் பிழைப்பே அந்த அனுமதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுப்ப எங்கிட்ட வுட்டுடுங்க" என்றேன் நான்.

வீட்டு அடுப்பும் படகு அடுப்பும் ஒன்றல்ல. வீட்டில் கேஸ் கசிந்தால் வாசல் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ கொஞ்சமாவது வெளியே போகும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. படகில் கசிந்தால் அது அடித்தட்டில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அப்புறம் ஒரு தீப்பொறி போதும். அதனால் படகு அடுப்பில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, தீ அணைந்தால் கேஸும் தானாக நிற்குமா என்பது. அப்படி நிறுத்த ஒவ்வொரு பர்னருக்குப் பக்கத்திலும் சூட்டை உணரும் ஒரு சின்னக் கம்பி இருக்கும். தீ போய்க் கம்பி ஆறினால், உள்ளே இருக்கும் வால்வு கேஸை மூடிவிடும்.

இதைத் தேடி நேரு வீதியில் நான் ஏறாத அடுப்புக்கடை இல்லை. எல்லாக் கடையிலும் கண்ணாடி மேல் ரோஜாப்பூ போட்ட அடுப்பைக் காட்டினார்கள். ஒரு கடைக்காரரிடம், "தீ அணைஞ்சா கேஸ் தானா நிக்குமா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது எதுக்கும்மா அணையப் போவுது? ஃபேன நிறுத்திட்டு சமைங்க."

கடைசியில் சென்னையில் கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். முழுக்க எஃகு. படகு ஆடினாலும் பாத்திரம் நகராதபடி மேலே சுற்றிலும் கம்பித் தடுப்பு, பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்கப் பிடிகள், அடியில் படகோடு சேர்த்து முடுக்க போல்ட்டுகள். சிலிண்டரை வைக்கப் படகின் வெளியே பின்பக்கம் தனிப் பெட்டி. கசிந்தால் ஆற்றுப் பக்கமாக வெளியே போக அந்தப் பெட்டியின் அடியில் ஓட்டை. உள்ளே தரையை ஒட்டி ஒரு கேஸ் அலாரம். எல்லாவற்றையும் என் கணவர் நான் சொன்னபடியே பொருத்தினார். (சொன்னபடி என்றால், மூன்று முறை கழற்றி மாட்டினார். பாவம்.)

என் மாமியார் தனபாக்கியம் வந்து பார்த்தார். "ஏம்மா கலா, இன்னா இது, அடுப்பச் சுத்தி வேலி போட்டு வச்சிக்கீற? ஆடு மேஞ்சிடும்னா?"

அவருக்குப் பின்னால் பாரீஸ் மாமா நின்றிருந்தார். மாமியாரின் தம்பி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து அந்தக் காலத்திலேயே போனவர். அங்கே குளிர் தொடங்கியதும் இங்கே வந்துவிடுவார். அங்கே அவருக்குக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி, கேரவான், ஒன்று இருந்ததாம், கோடை முழுவதும் அதில்தான் சமையலாம். ஆகவே நகரும் வண்டியில் அடுப்பு வைப்பது பற்றி அவருக்கும் எல்லாம் தெரியும். ஒரு குடும்பத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"அலாரத்த கால்கிட்ட மாட்டிக்கீறியே கலா, யாருக்கு, எறும்புக்கா?" என்றார்.

"கேஸ் கீழதான் மாமா எறங்கும்."

"நான் கேரவான்ல எவ்ளோ வருஷம் சமைச்சேன். வுவாலா, உயிரோடதான நிக்கிறேன்." (வுவாலா என்றால் பிரெஞ்சில் 'இதோ பார்'. எதைச் சாதித்தாலும் அவர் வாயில் அதுதான் வரும்.)

அவர் எங்களுக்காகவே பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவில் வைத்து ஒரு மடக்கு அடுப்பு கொண்டுவந்திருந்தார். நீல நிறம், பார்க்க அழகு. அதில் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் கம்பி இல்லை. அட்டைப்பெட்டியில் பிரெஞ்சில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. பெட்டியைக் கிழித்து எடுத்துப் போய் எங்கள் பள்ளி பிரெஞ்சு டீச்சரிடம் காட்டினேன். திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்தவும் என்று போட்டிருந்தது. அதை மாமாவிடம் படித்துக் காட்டினேன், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும். அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு ரசம் கூடுதலாக ருசித்தது.

அடுத்தது பால் காய்ச்சும் விசேஷம். புது வீடு போலத்தானே படகும். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, சொந்தக்காரர்கள் எல்லோரையும் அழைத்தோம். அதே நேரத்துக்கு அதிகாரியையும் வரச் சொன்னது என் யோசனை. பொங்குகிற பாலையும் பாதுகாப்பான அடுப்பையும் ஒன்றாகப் பார்த்தால் அனுமதி கையில் வந்து விழும் என்று கணக்குப் போட்டேன். "இந்த மாரி அடுப்பு பாண்டிச்சேரியிலயே கெடையாது" என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுப் பட்டுப்புடவை வேறு.

அதிகாரி ஒரு அம்மா. அதிகம் பேசாதவர். தோளில் ஒரு பை, அதில் கசிவு பார்க்கும் கருவி. ஒரு பெஞ்சு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

முதல் சிக்கல் மாமியாரிடமிருந்து வந்தது. கிழக்கே பார்த்துத்தான் பால் காய்ச்ச வேண்டும். நான் போல்ட் போட்டு முடுக்கிய அடுப்போ தெற்கே பார்த்திருந்தது.

"அடுப்பத் திருப்பும்மா" என்றார் மாமியார்.

"திருப்ப முடியாது அத்தை. போல்ட் போட்டாச்சி."

"அப்போ படகத் திருப்பு."

அதைச் செய்வதைத் தவிர வழியில்லை. என் கணவர் கயிற்றை அவிழ்த்து, மோட்டாரைப் போட்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வந்து படகைத் திருப்பினார். வீட்டுக்குத் திசை ஒன்று, கட்டினால் கட்டினதுதான். படகு அப்படியில்லை. காற்று ஒருபக்கம் தள்ளுகிறது, நீரோட்டம் மறுபக்கம் இழுக்கிறது. மாமியார் சூரியனைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போச்சி, தாண்டிட்ட" என்று வழி சொல்ல, என் கணவர் ஒரு கண்ணை ஆற்றிலும் ஒரு கண்ணை எங்கள் மீதும் வைத்துக்கொண்டு ஓட்டினார். கிழக்கு வரும்போதெல்லாம் எல்லோரும் கும்பிட்டார்கள்.

நான் பித்தளைச் சொம்பில் பாலை ஊற்றினேன். பொங்காமல் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் விளிம்பு வரை ஊற்றினேன். பிடிகளில் சொம்பை இறுக்கி, குமிழை அழுத்தித் திருப்பிப் பற்றவைத்தேன். நீலமாக, வட்டமாக, என்ன அழகான தீ. மாமாவை ஒரு பார்வை பார்த்தேன்.

பால் நுரை கட்டியது, ஏறியது, வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். கிழக்குப் பக்கமாகத்தான் முதலில் வழிந்தது என்று மாமியார் சத்தியம் செய்வார். அப்புறம் எல்லாப் பக்கமும் வழிந்தது. விளிம்பு வரை ஊற்றிய பால் அல்லவா, அது பர்னரை முழுக்காட்டிவிட்டது. உஸ் என்றது. தீ போய்விட்டது.

குலவை பாதியில் நின்றது. முதல் பால், முதல் தீ, நல்ல நேரத்தில் அணைந்தது. இதற்கு மேல் அபசகுனம் வேண்டுமா? கூட்டத்தில் யாரோ, "அடுப்பு அணைஞ்சிபோச்சே" என்று முணுமுணுத்தார்கள். அந்த அமைதியில், கொஞ்ச நேரம் கழித்து, அடுப்புக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. கேஸை வால்வு மூடிய சத்தம். அதை நான் கேட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அதைப் போய் யாரிடம் சொல்வது?

ஏனென்றால் அதற்குள், என்ன ஆயிற்று என்று பார்க்க என் கணவர் இரண்டு கண்ணையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அன்னபூரணி நேராகப் போய்ச் சேற்றுமேட்டில் ஏறி நின்றது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஆற்றிலும் தண்ணீர் ஏறி இறங்கும்; அது இறங்கும் நேரம். இனி தண்ணீர் ஏறினால்தான் படகு நகரும். பால் காய்ச்சியதும் படகிலேயே கேசரியும் உப்புமாவும் செய்து தருவதாகச் சொல்லி ஒருவரையும் காலையில் சாப்பிட விடவில்லை நான். (இதுவும் என் யோசனைதான்.)

மறுபடியும் பற்றவைத்தேன். குமிழை அழுத்திக்கொண்டிருந்தால் எரிகிறது, கையை எடுத்தால் அணைகிறது. அந்தச் சின்னக் கம்பி பாலில் நனைந்து, தீயே இல்லை என்று நினைத்துக்கொண்டு கேஸை நிறுத்துகிறது. காரணம் எனக்குத் தெரிந்தது. ஆனால் பட்டுப்புடவையோடு அடுப்பின் முன்னால் மண்டிபோட்டு, அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு என்று நான் இருந்த இருப்பைப் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை.

"புடிச்சிக்கினே நிக்கச் சொல்லுதே இந்த அடுப்பு. அப்போ கிண்டறது யாரு?" என்றார் மாமியார். அவர் குரலில் கோபம் இல்லை, பசிதான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அப்போதுதான் பாரீஸ் மாமா எழுந்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தார். உள்ளே அந்த நீல மடக்கு அடுப்பு. கூடவே பெரிய மார்க்கெட் பக்கம் எங்கேயோ வாங்கிய ஒரு குட்டி சிலிண்டர், டியூபோடு. எனக்குத் தெரியாமல் படகில் ஏற்றியிருக்கிறார்.

"அவசரத்துக்கு இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றார், ரொம்பப் பணிவாக. கூட்டத்தின் முகமெல்லாம் மலர்ந்தது. ஒருவர் ரவைப் பொட்டலத்தையே பிரித்துவிட்டார்.

"மாமா, இத உள்ள பத்த வெக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷ வேல கலா."

"டியூப்ல கிளிப்பு கூட இல்ல மாமா."

"பசங்க பசியில கீறாங்க. நீ கொஞ்சம் ஒதுங்கு."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அந்தக் குட்டி சிலிண்டரைப் பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, மடக்கு அடுப்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "இத ஏத்தணும்னா என்ன ஆத்துல தள்ளிட்டு ஏத்துங்க" என்றேன். மாமனார் வகை, நாத்தனார் வகை, ஓரமாக அதிகாரி அம்மா, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புடவை முழுக்கப் பால். கீழே அடுப்பின் கம்பிகள் குத்துகின்றன. என் பக்கம் ஒருவர்கூட இல்லை. என் கணவர் துடுப்பால் சேற்றைத் தள்ளுவதில் மிக மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

இந்த சிலிண்டர் உள்ளே இருக்கவே கூடாது, வெளித்தட்டில் வைத்துவிடுவோம் என்று எழுந்தேன். படகின் ஓரத்துக்குப் போனேன். அதே சமயம் என் கணவர் துடுப்பை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் இறங்கினேன். விழுந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நின்றபடியே போனேன். முழங்கால் வரை சேறு. சிலிண்டர் மட்டும் கைப்பிள்ளை மாதிரி என் தோளில் பத்திரமாகச் சாய்ந்திருந்தது. யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தவறாமல் வருகிறது.

என் கணவரும் மாமாவும் கையைக் கொடுத்து இழுத்தார்கள். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. மேலே ஏறிப் பார்த்தால், அதிகாரி அம்மா அடுப்புக்குக் கீழே தரையில் மண்டிபோட்டு, மூலை மூலையாகக் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று, என் பேச்சைக் கேட்டு அடுப்பை வாங்கிய மனுஷனின் பிழைப்பில் நானே பாலை ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தீ அணைஞ்சதும் உள்ள ஒரு சத்தம் வந்துச்சே, கவனிச்சீங்களாம்மா?"

"கவனிச்சேன் மேடம்" என்றேன், ஒரு காலில் செருப்போடு.

"நானும் கவனிச்சேன். கீழ கொஞ்சம்கூட கேஸ் தங்கல. எல்லாப் படகுலயும் எனக்கு அடுப்பு எரியறதத்தான் காட்டுவாங்க. அணையறத நீங்கதான் காட்டிக்கீறீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, என் கையிலிருந்த சிலிண்டரைப் பார்த்தார். "இது மறுபடியும் இந்தப் படகுல ஏறக் கூடாது. மத்தபடி நீங்க சமைக்கலாம்."

சமைக்கலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் என் கணவர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கம்பெனி மூடிய நாளில்கூட அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

பாரீஸ் மாமா தன் கைக்குட்டையை எடுத்தார். எங்கள் அடுப்பின் அந்தச் சின்னக் கம்பியைத் துடைத்து, ஊதி, மறுபடியும் துடைத்தார். பிறகு குமிழை அழுத்திப் பற்றவைத்து, நிதானமாகக் காத்திருந்து, கையை எடுத்தார். தீ நின்றது. தண்ணீர் ஏறிப் படகு மிதக்கும் வரை அந்த அடுப்பில் உப்புமா மேல் உப்புமாவாகக் கிண்டினோம். அதிகாரி அம்மா தன் பங்கு உப்புமாவைக் கொண்டுவந்திருந்த டப்பாவில் வாங்கிக்கொண்டார். பணியில் இருக்கும்போது சாப்பிட மாட்டாராம்.

அன்று முதல் சொந்தத்தில் எனக்கு 'அணைஞ்ச அடுப்பு' என்று பெயர். "அணைஞ்ச அடுப்பு வருது, வழி வுடுங்க" என்பார்கள். நன்றாகக் கூப்பிடட்டும். எரியத் தெரிந்த அடுப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஒழுங்காக அணையத் தெரிந்த அடுப்பைத் தேடிப் பிடித்தவள் நான்தானே.

இப்போது படகு வாங்குகிறவர்கள், வேனை வீடு மாதிரி மாற்றி ஊர்சுற்றக் கிளம்புகிறவர்கள், எல்லோரும் அடுப்பு வாங்க என்னைக் கூட்டிப் போகிறார்கள். நான் ஒரு பால் பாக்கெட்டும் சொம்புமாகப் போவேன். கடையிலேயே பற்றவைத்து, பொங்கவிட்டு, அந்த 'டக்' கேட்ட பிறகுதான் வாங்கச் சொல்வேன். அன்றைக்கு ஃபேனை நிறுத்தச் சொன்ன நேரு வீதி கடைக்காரர் இப்போது அந்த மாதிரி அடுப்பும் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுப்பார்: "பால் அக்கா வந்துட்டாங்க, ஃபேன ஃபுல்லா வையி."

போன வருடம் பாரீஸ் மாமாவின் மகள் அங்கே புதிதாக ஒரு கேரவான் வாங்கினாள். பால் காய்ச்சுவதை வீடியோ காலில் பார்க்க நாங்கள் எல்லோரும் முதலியார்பேட்டை வீட்டில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அங்கே அக்கம்பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்களும் வந்து நின்றிருந்தார்கள். மாமா சொம்பில் பாலை ஊற்றினார், விளிம்பு வரை. பால் பொங்கி வழிந்தது. இங்கே ஒருவரும் அசையவில்லை. தீ உஸ் என்று அணைந்தது. அப்போதும் அசையவில்லை. மாமா குனிந்து அடுப்பில் காதை வைத்தார்.

"கலா, நின்னுடுச்சி" என்றார். "வுவாலா."

அதற்கப்புறம்தான் என் மாமியார் குலவையிட்டார்.